நலம் போடாத கடுதாசி

என் வேலையில் 'நலம்' என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மாடிப்படிக்குக் கீழே இருந்த பரிசோதனைக் கூடத்தில் நான் டெக்னீஷியன். சேலத்தில் டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. கண்ணாடிக் குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவேன். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சைக்கு மாறினால் ஒரு பிளஸ், மஞ்சளுக்கு இரண்டு, ஆரஞ்சுக்கு மூன்று, செங்கல் நிறத்துக்கு நான்கு. சீட்டில் அதை மட்டும்தான் எழுத வேண்டும். "பரவால்லைங்களா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. டாக்டரிடம் காட்டுங்கள் என்போம்.

எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே. அவ்வளவுதான்.

வாரம் முழுக்க இப்படி எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேறு ஒரு எழுத்து வேலைக்கு உட்காருவேன். அண்ணனுக்குக் கடிதம். அவன் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ இருந்தான். முகவரியில் ஊர்ப்பெயர் இருக்காது, எண்கள்தான் இருக்கும். அப்பா இறந்த பிறகு மாரண்டஹள்ளி வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"மேல உ போட்டியா?"

"போட்டேம்மா."

"நலம், நலமறிய ஆவல்?"

"அதுவும் போட்டாச்சு."

"இங்க எல்லாரும் சுகம். மாடு சுகம். மழை பரவால்ல. நீ வேளைக்குச் சாப்புடு. குளுருக்கு உள்ள பனியன் போட்டுக்க. அவ்ளோதான், ஒட்டிடு."

தேதியை மட்டும் மாற்றினால் எந்த வாரக் கடிதமும் எந்த வாரத்துக்கும் செல்லும். அண்ணனுடைய பதில்களும் அப்படியே. நலம், நலமறிய ஆவல், இங்கு சாப்பாடு நன்றாக உள்ளது. லீவில் வந்தால் ரசச் சட்டியை வழித்துக் குடிக்கிறவன் எழுதுகிற வரி அது. நாங்கள் இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் பொய் எழுதிக்கொண்டிருந்தோம் என்று சொல்ல மாட்டேன். அந்த வரிகளை யாரும் படிப்பதே இல்லை. உறை மேல் ஒட்டிய ஸ்டாம்பை யாராவது உற்றுப் பார்ப்பார்களா? அது மாதிரி.

ஆனால் எழுதாமல் விட்டதை எல்லாரும் படிப்பார்கள். கல்யாணம், குழந்தை என்றால் காகிதத்தின் மூலைகளில் மஞ்சள் இருக்கும். சாவுச் செய்தியில் மேலே உ இருக்காது, நலம் இருக்காது, மூலையில் கறுப்பு தடவியிருக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அப்போதும் 'இறந்துவிட்டார்' என்று நேராக எழுத யாருக்கும் கை வராது. 'சீரியஸ், உடனே வரவும்' என்றுதான் எழுதுவார்கள். அப்பாவுக்கு அப்படித்தான் தந்தி போனது. தந்தி கொடுக்கும்போது அப்பா நடு வீட்டில் மாலையோடு கிடந்தார். அண்ணன் ரயிலில் வரும் வழி முழுக்க, பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தானாம். அந்தச் சொல்லை அவன் மன்னிக்கவே இல்லை.

பிறகு மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தன் மகள் கல்யாணத்துக்கு அண்ணன் வர வேண்டும் என்பதற்காக, அம்மாவுக்கு சீரியஸ் என்று ஒரு தந்தி அடித்தார். அம்மா அப்போது பந்தலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் வந்தான், சாப்பிட்டான், சிரித்தான். "எங்க யூனிட்ல பொங்கல் வந்தா பாதிப் பேரோட அம்மாவுக்கு சீரியஸ் ஆயிடும். ஆபீசர் எங்கிட்ட, உன் அம்மா இன்னும் எத்தனை தடவை சாவாங்கன்னு கேக்கறாரு" என்றான். அத்தோடு எங்கள் வீட்டுக்குத் தந்தி என்ற ஒன்று தீர்ந்துபோனது. இனி உண்மையாகவே ஏதாவது வந்தாலும் தந்தியில் சொல்ல முடியாது.

உண்மையாகவே வந்தது அடுத்த வருடம். தக்காளித் தோட்டத்தில் அம்மாவின் வலது காலில் முள் குத்தியது. அவள் முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துவிட்டாள். புண் மறக்கவில்லை. ஆறாமல் ஈரமாகவே இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து ஒரு சின்ன பாட்டிலில் அவள் சிறுநீரை எடுத்துக்கொண்டு போய்க் காய்ச்சினேன். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஒவ்வொன்றாக வரவில்லை. விளக்கில் காட்டியதும் நேராகச் செங்கல்.

"சக்கரையாம்! நான் டீக்கே வெல்லந்தான் போட்டுக்கறேன். எனக்கெங்கடி சக்கரை வரும்?" என்று அம்மா சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், விரல்களை எடுக்க வேண்டியிருக்கும், தள்ளிப் போட்டால் காலே போகலாம், அதற்கும் மேலே போகலாம் என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்து, "வெட்டற ஆஸ்பத்திரிக்கு நான் வர மாட்டேன்" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. வேப்பிலை, மஞ்சள், பச்சிலை என்று கட்டிக்கொண்டு வேலை செய்தாள். வலிக்கவில்லை என்றாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வலிக்க வேண்டிய இடம் வலிக்கவில்லை என்றால் என்ன பொருள் என்று நான் படித்திருந்தேன்.

அவள் பேச்சைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் அண்ணன். அவனுக்கு எழுதக் கூடாது என்பதில்தான் அவள் உறுதியாக இருந்தாள்.

"அவன் அங்க துப்பாக்கி புடிச்சிக்கிட்டு நிக்கறான். எங்கால நெனச்சிக்கிட்டு நின்னா என்ன ஆவறது? நலம்னு போடு."

போட்டேன். அவள் புண்ணுக்குப் போட்ட கட்டிலிருந்து வந்த வாடையைச் சுவாசித்துக்கொண்டே 'இங்கு அனைவரும் நலம்' என்று எழுதினேன். அந்த வாரம்தான் முதல்முறையாக அந்த வரி என் கண்ணில் பட்டது.

விரல் இரண்டு கறுக்க ஆரம்பித்த அன்று, வேலை நேரத்தில், நுண்ணோக்கி வைத்திருந்த மேசையிலேயே ஓர் இன்லண்டு லெட்டரை விரித்து நானாக எழுதினேன். உ போடவில்லை. அப்படி எதுவும் திட்டம் போட்டு விடவில்லை. அந்தச் செய்திக்கு மேலே நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதோடு உ-வும் போய்விட்டது. எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான முறையில் எழுதினேன்.

'அண்ணாவுக்கு,

1. அம்மாவுக்கு வலது காலில் முள் குத்திப் புண் ஏற்பட்டது.
2. சர்க்கரை நான்கு பிளஸ் இருந்தது.
3. புண் ஆறவில்லை. இரண்டு விரல்கள் கறுத்தன.
4. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக டாக்டர் சொன்னார். அம்மா மறுத்துவிட்டாள்.
5. வலி இல்லை என்றாள். சாப்பிட்டாள், பேசினாள்.

நீ உடனே வரவும்.'

என்னோடு வேலை செய்த சீனியர் அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, கடுதாசியா ரிப்போர்ட்டா? கீழ டெக்னீஷியன்னு ஒரு கையெழுத்தும் போட்டுடு."

"உள்ளதை எழுதியிருக்கேன்க்கா."

"ஒரு நலம்கூட இல்லியே?"

"நலமா இல்லியேக்கா."

"நலமா இருக்கறவங்கதான் நலம் போடணும்னா போஸ்டாபீசை இழுத்து மூட வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டே ஒட்டினேன். கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்துக்குப் போடுகிற சாயம் விரலில் இருந்திருக்கிறது. ஒரு மூலையில் கருநீலமாக ஒட்டிக்கொண்டது. துடைத்தேன், முழுதும் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் பெட்டியில் போட்டேன். மனம் லேசாக இருந்தது. என் பெயரில், என் வார்த்தையில் நான் எழுதிய முதல் கடிதம் அதுதான்.

அவன் வந்தது ஒரு விடுமுறை நாளில். நான் உள்ளே இருந்தேன். அம்மா வாசலில் காலைக் கவிழ்த்து வைத்த அளவுப் படியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் சைக்கிளில் வேகமாக வந்தவர், அம்மாவைப் பார்த்ததும் பிரேக் பிடித்து நின்றுவிட்டார். ஜன்னல் வழியாக என்னைக் கொல்லைப் பக்கம் வரச் சொல்லிச் சைகை காட்டினார்.

"ஏம்மா, அம்மா நல்லாத்தான இருக்காங்க? வூட்ல வேற யாருக்காச்சும் ஏதாச்சும்?"

"இல்லீங்களே பாய். ஏங்க?"

"உங்கண்ணன் பஸ்ஸை வுட்டு எறங்கறாருங்க. மொட்டை அடிச்சிருக்காரு. மீசையும் இல்ல. நான் பேரைச் சொல்லிக் கூப்புட்டேன், நிமுந்தே பாக்காம நடந்து வர்றாரு."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது வாசலுக்கு ஓடினேன். அதற்குள் அவன் தெருமுனை திரும்பியிருந்தான். மொட்டைத் தலை வெயிலில் பளபளத்தது. தோளில் பச்சை நிறப் பை. எதிரில் வந்த இருவர் அவனைப் பார்த்து ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே எங்கள் வாசல் வரை வந்து நின்றான்.

அம்மா புளிக் கையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருடா செத்தது?"

அவன் பை கீழே விழுந்தது. "நீதாம்மா" என்று சொல்லிவிட்டு அவன் அங்கேயே தெருவில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு நடந்தது எல்லாம் சத்தம். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"இதுல எங்கடி அம்மா உயிரோட இருக்கறா? காட்டு. எந்த வரியில?"

"சாப்பிட்டாள், பேசினாள்னு எழுதியிருக்கேனே."

"சாவறதுக்கு முன்னாடி எல்லாருந்தான் சாப்புடறாங்க, பேசறாங்க! உ இல்ல, நலம் இல்ல. மூலையில பாரு, கறுப்பு."

"அது சாயம்ணா. லேப்ல ஒட்டினது."

"எனக்கு எப்பிடித் தெரியும்? எங்க ஹவில்தார் நம்ம பக்கத்து ஆளு. ஆபீசர் அவருகிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னாரு. அவரு ஒரு தடவ பாத்துட்டு, 'சாப், இது சாவுக் கடுதாசிதான், எங்க ஊர்ல இப்பிடித்தான் எழுதுவாங்க'ன்னாரு. உடனே லீவு குடுத்துட்டாங்க. தந்திக்குக்கூட இப்பிடிக் குடுத்ததில்ல."

நான் கடிதத்தை வாங்கி, அவன் கண்ணால் ஒருமுறை படித்தேன். இருந்தது, கறுத்தன, மறுத்துவிட்டாள், என்றாள், பேசினாள். ரிப்போர்ட்டில் எல்லாமே முடிந்துபோனதாகத்தான் எழுதுவோம். பார்த்த பிறகுதானே எழுதுகிறோம். கடைசி வரியோ, அப்பாவின் தந்தியில் இருந்த அதே வரி. ஒரு பொய்கூட இல்லாத கடிதம். அத்தனை உண்மையையும் அவன், துக்கத்தை மெல்லச் சொல்வதற்காக யாரோ போட்ட திரை என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னைக் குறை சொல்லவும் அப்போது எனக்கு மனம் இல்லை.

கடிதம் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருக்கும் என்று நினைத்து, அவன் மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, ஸ்டேஷன் குழாயில் தலை முழுகி, வெளியே மரத்தடியில் இருந்த நாவிதரிடம் உட்கார்ந்திருக்கிறான்.

"அவரு கத்திய வெக்கறதுக்கு முன்னாடி, 'அப்பாவுக்குங்களா, அம்மாவுக்குங்களா'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?" என்றாள் அம்மா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லுடா."

"அம்மாவுக்குன்னேன்."

கூட்டம் முணுமுணுத்தது. உயிரோடு இருப்பவளுக்கு மகன் மொட்டை போட்டது பொல்லாதது, தீர்த்தமலைக்குப் போய் ஐந்து தீர்த்தத்திலும் குளித்துவிட்டு வர வேண்டும் என்றார் ஒருவர். இல்லை, அவள் பெயரையே மாற்றிக் கூப்பிட வேண்டும் என்றார் இன்னொருவர். அம்மா புளித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே எழுந்து போனாள். அண்ணன் அப்போதுதான் அவள் காலைப் பார்த்தான். வாசற்படி வரை அவளுக்குப் பின்னாலேயே போனவன், அந்த வாடை பட்டு நின்றான்.

சாயங்காலம் எங்களுக்குச் சாதம் போட்டுக்கொண்டே அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "காலைல முதல் பஸ்ஸுக்குப் போலாம். என் பழம்பொடவ ரெண்டு எடுத்து வெய்யி."

"எங்கம்மா?"

"வெட்டற ஆஸ்பத்திரிக்கு."

அவள் கரண்டியை மறுபடி சாதத்தில் விட்டாள்.

"எனக்குத்தான் மொட்டையே போட்டாச்சே. இனி எதை வெட்டுனா என்ன? மிச்சந்தானே."

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அண்ணன் சாப்பிடாமல் எழுந்துவிட்டான். நான் வேண்டியது கிடைத்துவிட்டது. நான் எழுதிய கடிதத்தால் கிடைக்கவில்லை, அவன் தவறாகப் படித்த கடிதத்தால் கிடைத்தது. இரண்டும் ஒரே கடிதம்தான் என்பது எனக்கு இன்றும் ஒரு முள்.

முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு பாதத்தில் பாதியை. அம்மா பிழைத்தாள். அண்ணன் லீவு முடியும் வரை ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். அவன் தலையில் முடி முள்முள்ளாக வளர்ந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்து, "இந்த முள்ளு பரவால்ல" என்பாள்.

அவன் கிளம்பும் நாளில் ஒரு கேள்வி கேட்டான். என்னைத்தான் கேட்டான், ஆனால் இருவரையும் பார்த்தான்.

"இனிமே வர்ற கடுதாசிய நான் எப்பிடி நம்பறது? நலம்னு போட்டா, அன்னிக்கும் நலம்னுதான போட்டீங்கன்னு தோணும். போடலன்னா உசுரு போயிடும்."

எனக்கு ஒரு வழி தோன்றியது. "அம்மா கைநாட்டு வெக்கட்டும். ஒவ்வொரு கடுதாசியிலயும்."

அம்மா உரக்கச் சிரித்தாள். "செத்தவன் வெரலப் புடிச்சி மையில முக்கி நெலத்த எழுதி வாங்கறானுங்க. கைநாட்டாம்!"

அண்ணன் சற்று யோசித்தான். "அப்ப நீ என்னைத் திட்டும்மா. எப்பவும் திட்டற மாதிரி. இவ அத அப்பிடியே எழுதட்டும். உன் திட்டு வேற யாருக்கும் வராது. இவளுக்குச் சுத்தமா வராது."

அப்படித்தான் எங்கள் கடிதங்கள் மாறின. மேலே உ. நலம், நலமறிய ஆவல். அதற்குக் கீழே அம்மாவின் வாயிலிருந்து வந்தபடி, ஓர் எழுத்துகூட மாற்றாமல்: 'ஏண்டா எருமை, போன கடுதாசியில சாப்பாடு நல்லாருக்குன்னு எழுதியிருக்கற. உன்ன யாரு கேட்டா? உனக்குப் புடிச்ச மாதிரி ஆக்கறதுக்கு உங்க ஆபீசரு உனக்கு மாமியாளா?' நான் பேச்சை அப்படியே எழுதிப் பழகாதவள். முதலில் கூச்சமாக இருந்தது. எழுதி முடித்துப் படித்தால் காகிதத்துக்குள் அம்மா உட்கார்ந்திருப்பாள்.

அண்ணன் அதைப் பாசறையில் சத்தமாகப் படிக்கிறானாம். தமிழ்ப் பையன்கள் எல்லாம் கூடிவிடுகிறார்களாம். 'இந்த வாரம் அம்மா என்ன திட்டினாங்க என்று ஹவில்தார்கூடக் கேட்கிறார்' என்று எழுதியிருந்தான். அதை நான் படித்துக் காட்டியதும் அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அதன் பிறகு அவள் திட்டுகளை வாரம் முழுக்கத் தயார் செய்ய ஆரம்பித்தாள். புளியைத் தட்டிக்கொண்டே, "இத ஞாயித்துக்கெழமைக்கு வெச்சிக்க" என்பாள். ஹவில்தாருக்கும் ஒரு வரி சேர்ப்பாள். நான் எழுதிக்கொண்டே போவேன். ஒருநாள் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். அண்ணனிடம் இருந்த கோபமா இது, இல்லை அந்தப் பையன்களுக்காகவா? திட்டும் மெல்ல மெல்ல ஒரு நலம் ஆகிக்கொண்டிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் காலை நேரங்களில் அம்மாவின் முகம் உப்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே அழுத்தினால் குழி விழுந்து நின்றது. பாட்டிலை எடுத்துப் போனேன். இந்த முறை நீலக் கரைசல் இல்லை. வெறுமனே காய்ச்சி ஒரு சொட்டு அமிலம் விடுகிற சோதனை. குழாய்க்குள் தயிர் உறைந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டது. புரதம். சிறுநீரகம் கெட்டுவிட்டது. டாக்டர் மாத்திரையை மாற்றினார், உப்பைக் குறைக்கச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் எதைச் சொல்லவில்லை என்பதை நான் படித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உ போட்டு, நலம் போட்டு, பேனாவோடு காத்திருந்தேன். அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"சொல்லும்மா."

"இந்த வாரம் ஒண்ணும் வரல. அவன் பாட்டுக்கு நல்லாருக்கட்டும். போ."

எருமை, ஆபீசர், மாமியாள். அவள் சொற்கள் எல்லாம் என் கைக்குள் இருந்தன. நானே ஒரு பக்கம் திட்டியிருக்க முடியும். எனக்கு அது சுத்தமாக வராது என்று அண்ணன் நினைத்தது தவறு. இத்தனை மாதத்தில் நன்றாகவே வந்திருந்தது. அதனால்தான் எழுதக் கூடாது என்று தோன்றியது. 'அம்மா இந்த வாரம் திட்டவில்லை' என்று ஒரே வரி எழுதினேன். திட்டு இருந்தால் உயிர் என்று விதி வைத்தவன் அவன். திட்டு இல்லாததன் பொருள் அவனுக்குத் தெரியாமல் போகாது என்று நம்பினேன்.

பதில் வர வழக்கத்தைவிட அதிக நாள் ஆனது. அவன் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவானோ என்று பாய் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன். கடைசியில் கடிதம்தான் வந்தது. அம்மா எதிரில் நான் அதைச் சத்தமாகப் படித்தேன்.

'நலம். நலமறிய ஆவல். அம்மாவுக்குக் கோபம் தணிந்தது அறிந்து மகிழ்ச்சி. பையன்கள்தான் ஏமாந்துவிட்டார்கள்.'

நான் நிறுத்தினேன். அம்மாவின் வயிறு குலுங்குவதைப் பார்த்து அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிப்பு. மூச்சு வாங்கும் வரை சிரித்தாள்.

"மடையன். வெறும் மடையன். திட்டலன்னா அவனுக்குச் சந்தோசமாம்! பெத்தவ வாய மூடிட்டா ஏன்னு கேக்கறதுக்கு ஒரு நாதி இல்ல, மகிழ்ச்சியாம் மகிழ்ச்சி. எழுதுடி."

எழுதினேன். பழைய வேகத்தில் கொட்டினாள். பையன்களுக்காகத் தயார் செய்தது எதுவும் அதில் இல்லை. பாதியில் மூச்சு முட்டி, இருமி, மறுபடி தொடர்ந்தாள். ஒரு வார்த்தையையும் நான் விடவில்லை. முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் எழுதியதைப் பார்த்தேன். அத்தனையும் உண்மை, அவள் சொன்னது, நான் கேட்டது. இதை மட்டும் அனுப்பினால் அவன் படித்துவிட்டு, அம்மா பழையபடி ஆகிவிட்டாள் என்று நிம்மதியாகத் தூங்குவான். பாசறை சிரிக்கும். வார்த்தைக்கு வார்த்தை உண்மையான ஒரு கடிதம் இன்னொரு முறை பொய்யைக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். 'கோட்டுக்கு மேலே இருப்பது அம்மா சொன்னது. கீழே இருப்பது நான் பார்த்தது' என்று எழுதினேன். பிறகு எண்கள் போட்டேன். அது மட்டும் என்னால் விட முடியவில்லை. ஆனால் இந்த முறை முதல் எண்ணில், 'அம்மா உயிரோடு இருக்கிறாள். இதை எழுதும்போது எனக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்' என்று எழுதினேன். அடுத்ததில் முகம் வீங்கியிருப்பதை. அடுத்ததில் குழாயில் திரண்ட வெள்ளையை, அது என்ன என்று அவனுக்குப் புரிகிற மாதிரி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவதை. எதையும் 'இருந்தது' என்று எழுதவில்லை. எல்லாம் இருக்கிறது.

"நாஞ் சொன்னதுதான் முடிஞ்சி போச்சே. இன்னும் என்னத்த எழுதற?"

அம்மா கண்ணைத் திறந்திருந்தாள்.

"நான் பாத்தத எழுதறேம்மா."

முன்பானால் காகிதத்தைப் பிடுங்கியிருப்பாள். இப்போது தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளையல் வீங்கிய மணிக்கட்டில் ஏறாமல் இறங்காமல் நின்றிருந்தது.

"உ போட்டியா?"

"போட்டேன்."

"நலம்?"

"நலமறிய ஆவல்னு மட்டும் போட்டிருக்கேன்."

வெளியே ஓசூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"சரி, இருக்கட்டும்" என்றாள். நான் ஒட்டுவதற்காக மடிக்கப் போனேன். "இரு இரு. வர்றதுன்னா இந்தத் தடவ முடியோட வரச் சொல்லு."

அவள் அவனை வரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது அம்மா சொன்னது, கோட்டுக்கு மேலே வர வேண்டும். மேலே இடம் இல்லை. இன்லண்டு லெட்டரைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரத்தில், சின்ன எழுத்தில் எழுதினேன்.